ஏழூர் நடை: தண்ணீரைக் கேட்டு வழி போடுங்கள்

காவிரி டெல்டாவில் மலை கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. ஏற்றம் என்று கணக்குக் காட்ட வேண்டுமானால் ஆற்றங்கரை மேடும், சுவாமிமலைக் கட்டுமலையின் அறுபது படிகளும்தான் தேறும். இதைக் கேட்டுவிட்டு "தட்டை நிலம்தானே, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்" என்று கிளம்பி வருபவர்கள்தான் பாதி வழியில் பஸ் ஏறுகிறார்கள். இங்கே வழியை மறிப்பது தண்ணீர். பிப்ரவரியில் மணலில் இறங்கி இருபது நிமிடத்தில் கடந்த ஆற்றை ஆகஸ்டில் கடக்கப் பாலம் தேடி மணிக்கணக்கில் சுற்ற வேண்டும்.

டெல்டாவில் நடந்து பார்க்க ஒரே ஒரு சுற்றுதான் நேரம் இருக்கிறது என்றால், திருவையாற்று ஏழூரைத்தான் சொல்வேன். சப்தஸ்தானம் என்று எழுதுவார்கள். ஊரில் "ஏழூர்" என்றால் போதும். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்ற வரிசையில் போய், திரும்பத் திருவையாறு. நெய்த்தானத்தைத் தில்லைஸ்தானம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த ஆறு ஊருக்கும் போய்வருகிறது. திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் முடித்த கையோடு, உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பும் ஊர்வலம் என்பது ஐதீகம். ஒவ்வொரு ஊர்ச் சுவாமியும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழு பல்லக்கும் திருவையாற்றில் நிற்கும், பொம்மை பூச்சொரியும்.

பல்லக்கு தூக்குபவர்கள் சும்மா சுற்றமாட்டார்கள். தோளில் பாரத்தோடு போனவர்கள் போட்ட வழி என்பதால் ஊருக்கு ஊர் இடைவெளி சராசரியாக இரண்டு முதல் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கும். மொத்தம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நடப்பது, மணலில் வளைந்து போவது, டீக்கடை தேடித் திரும்புவது எல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

எப்போது

மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கமான கணக்கு. வரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும். அணை மூடி, ஆறு வற்றி, சம்பா அறுவடையும் முடிகிற பிப்ரவரியிலிருந்து மார்ச் நடு வரைதான் நல்ல காலம். காலையில் பனி, மதியம் தாங்கக்கூடிய வெயில், ஆற்றில் மணல். மார்ச் கடைசியிலிருந்து மணல் சுடும். சித்திரையில் பல்லக்கோடு நடப்பதானால் அது வேறு கணக்கு: வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், சோறு, கூட்டம். தனியாகச் சித்திரை மதியத்தில் நடக்க யாரையும் அனுப்பமாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரைமண் சேறாகும். காவிரி வண்டலும் களியும் கலந்த மண் செருப்படியில் அப்பை அப்பையாக ஏறி, பத்தடிக்கு ஒருமுறை நின்று வழிக்க வைக்கும். அதே களி மாசி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பின் மேல் வைக்கோல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

தை, மாசியில் அறுத்த வயலைப் பார்த்துத் தரிசு என்று நினைத்துக் குறுக்கே நடக்காதீர்கள். நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே ஈரத்தோடு ஈரமாக உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அறுத்த தாளுக்குள் விரல்கடை உயரத்தில் முளை நிற்கும். பத்துப் பேர் வரிசையாக நடந்தால் ஒரு கோடே அழிந்துவிடும். வயல்காரர் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. வரப்பில் மட்டும் நடங்கள். வரப்பிலும் நண்டு வளை, எலி வளை இருக்கும் விளிம்பில் மிதித்தால் பொத்தென்று உள்ளே போகும். நடுவில் கால் வையுங்கள்.

சுற்றுக்குள்

காலை 6 மணிக்குத் திருவையாற்றில் தொடங்குங்கள். பிந்தினால் கோயில் கணக்கு உதைக்கும்: இந்தப் பக்கத்துக் கோயில்கள் பன்னிரண்டுக்குள் நடை சாத்திவிட்டு மாலை 4க்குப் பிறகுதான் திறக்கும். சிறிய ஊர்களில் குருக்கள் ஒருவரே சாவியோடு வந்து போவார். முற்பகலில் ஐந்து ஊர், மதியம் ஓய்வு, மாலையில் இரண்டு ஊர் என்று பிரித்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

திருவையாற்றுக் கோயிலுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். பிராகாரத்துக்குள்ளேயே இராசராசனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் இருக்கிறது. தென்கயிலாயத்துக்கு இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி பெயர் சொல்கிறது கல்வெட்டு. நடைக்காக வந்தவர்கள் இதை மாலையில் திரும்பி வந்து பார்ப்பது நல்லது. காலையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

திருப்பழனம் காவிரியின் வடகரையில், கும்பகோணம் சாலையில் கிழக்கே நான்கு கிலோமீட்டர். சாலை குறுகல், பஸ் வேகமாக வரும். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் நடங்கள். சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், தொப்பி வேண்டும். கரையோரமாக ஒற்றையடிப் பாதை கிடைக்கும் இடங்களில் அதில் இறங்கிவிடலாம்.

பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குத்தான் முதல் சோதனை. காவிரி ஒன்று, குடமுருட்டி ஒன்று, இரண்டையும் தெற்கே தாண்ட வேண்டும். குடமுருட்டி, திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து பிரிந்து கூடவே ஓடி வருவது. பல்லக்கு கோடையில் ஆற்றில் இறங்கிப் போகும். நீங்களும் மணல் காய்ந்திருந்தால் போகலாம். அதற்கு முன் படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவரிடமோ மாடு ஓட்டி வருபவரிடமோ கேளுங்கள். "வழி இருக்கா?" என்று கேட்டால் பைக்கில் போவதாக நினைத்துத் தார்ச்சாலையைக் காட்டுவார்கள். "அண்ணே, ஆத்துல எறங்கி அக்கரைக்கு நடந்து போவலாமா? தண்ணி வருதா?" என்று கேட்க வேண்டும். தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். "இந்தா, கிட்டக்கதான்" என்றால் ஒரு கிலோமீட்டர், "கொஞ்சம் போவணும்" என்றால் மூன்று.

மணலில் இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாட்டுத் தடமோ மனிதத் தடமோ இருக்கும் இடத்தில் இறங்கி அதைவிட்டு விலகாமல் போங்கள். வெளிறிய மணல் காலைத் தாங்கும். கருத்து ஈரம் பூத்த மணல் கணுக்கால் வரை இழுக்கும். எங்கேயாவது பச்சைத் தண்ணீர் அசையாமல் தேங்கி நின்றால் அது பெரும்பாலும் மணல் அள்ளிய பள்ளம். பார்க்கக் குட்டை போலிருக்கும், விளிம்பிலிருந்து ஓரடியிலேயே ஆள் முழுகும் ஆழம் இருக்கும்; விளிம்பு நிற்காது, நின்றவரோடு சரியும். டெல்டா ஆறுகளில் வெள்ளமே இல்லாத நாளில் உயிர் போவது இந்தப் பள்ளங்களில்தான். குளிக்க, கால் நனைக்க, போட்டோ எடுக்க, எதற்கும் கிட்டப் போகாதீர்கள். கையில் ஆறடி மூங்கில் கழி வைத்துக்கொண்டு முன்னால் குத்திப் பார்த்து நடங்கள். ஓடும் தண்ணீர் ஆடுசதைக்குக் கீழே என்றால் தாண்டலாம். முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். மணலில் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. கரையில் நான்கு நடக்கலாம். நேரக் கணக்கு போடும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் பலர் வேதிகுடியில் பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: இங்கே முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று கல்லணையில் மாற்றி மாற்றித் திறப்பார்கள். நேற்று மணலாகக் கிடந்த ஆறு இன்று காலையில் நுங்கும் நுரையுமாக ஓடலாம். பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பதால் இது தெரியாது. மதகைத் திறந்து மூடும் நீர்வளத்துறை ஊழியரான லஸ்கரைக் கேட்டால் எந்த ஆற்றில் எப்போது வரும் என்று நாள் சொல்வார்.

திருச்சோற்றுத்துறை பெயரிலேயே சோறு இருக்கிற ஊர். ஏழூர்த் திருவிழாவில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடும் பொறுப்பு இந்த ஊருடையது என்பார்கள். மற்ற நாளில் அதை நம்பிப் பசியோடு வரக்கூடாது. கிராமத்து டீக்கடை அதிகாலையில் திறந்து முற்பகலிலேயே ஓய்ந்துவிடும், மறுபடி மூன்று மணிக்கு மேல்தான் பாய்லர் சுடும். கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். புளியோதரை கெடாது, தயிர்சாதம் பதினொன்றுக்கே புளிக்கும்.

சோற்றுத்துறையிலிருந்து திருவேதிகுடி, அங்கிருந்து கண்டியூர்: இந்த இரண்டு துண்டும்தான் சுற்றிலேயே அழகானவை. வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம், தென்னை, மூங்கில் புதர், இடையிடையே கிழட்டு இலுப்பை, புங்கன். காடு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆற்றுப்படுகையின் மூங்கில் நிழலில் நின்றால் வெளியே வெயில் அடிப்பதே தெரியாது. படுகை நிலம் பெரும்பாலும் யாருடைய குத்தகையிலோ இருக்கும். வேலி தாண்டும் முன் குரல் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாய்க்கால் கரையில் நடப்பவர்கள் தொடக்கத்திலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கரையும் ஒன்றுபோல இருக்காது. ஒரு கரை வண்டி போகிற அகலத்துக்கு இருக்கும், மறு கரை ஆள் போகிற அளவுக்குத்தான். குறுகல் கரையில் இறங்கிவிட்டால் அடுத்த மதகோ பாலமோ வரும்வரை மாற முடியாது. பாதி வழியில் நெய்வேலி காட்டாமணக்குப் புதர் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புதர் கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதையே மறைத்துவிடும். மதகடியில் ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருந்தால் அதன் கீழே ஆழம் இருக்கிறது. சின்ன வாய்க்கால்களில் ஒற்றைப் பனைமரத்தைப் போட்டிருப்பார்கள். காய்ந்திருந்தால் செருப்போடு தாண்டலாம். பாசி பிடித்து ஈரமாக இருந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போங்கள். போன் வரைபடம் இந்தப் பனைமரத்தையும் பாலத்தையும் ஒரே கோடாகத்தான் காட்டும், ஆற்று மணலில் லாரி போன தடத்தைச் சாலை என்றும் காட்டும்.

இருட்டு பிரிவதற்கு முன் வயலுக்குள் இறங்கவே வேண்டாம். பாம்பு ஒரு காரணம்: வைக்கோல் போரடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். அதைவிட மோசமானது, எலிக்கும் பன்றிக்குமாகச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாக இழுத்துவிடும் மின்கம்பி. வரப்பில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மெல்லிய கம்பி தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்புங்கள்.

கண்டியூருக்குப் பதினொன்று, பதினொன்றரைக்குள் வந்துவிட வேண்டும். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்டவீரட்டங்களில் ஒன்று; பிரமன் தலையைக் கொய்த தலம். எதிரிலேயே அரசாபவிமோசனப் பெருமாள் கோயில், திவ்விய தேசம். இரண்டையும் பன்னிரண்டுக்குள் பார்த்துவிட்டு உட்காருங்கள். தஞ்சாவூர்–திருவையாறு சாலையில் இருப்பதால் சாப்பாடு, கடை, பஸ் எல்லாம் உண்டு. முடியாதவர்கள் கைவிட ஏற்ற இடமும் இதுவே. இதற்கு அப்பால் போய்விட்டுக் கால் வலிக்கிறது என்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

மூன்று மணிக்குக் கிளம்பினால் திருக்காட்டுப்பள்ளி சாலையில் மேற்கே மூன்று, நான்கு கிலோமீட்டரில் திருப்பூந்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்று நடுவே உள்ள திட்டு. அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர். சம்பந்தர் வருகிறார் என்று கேட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து அவர் சிவிகையைத் தோளில் தாங்கியதும் இந்த ஊர் எல்லையில்தான் என்கிறது பெரியபுராணம். பல்லக்கு வழியில் நடப்பவர்கள் இந்த ஊரில் சற்று நின்று போவது முறை.

பூந்துருத்தியிலிருந்து நெய்த்தானத்துக்கு மறுபடி ஆறு கடக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் மணலின் மேடு பள்ளம் சரியாகத் தெரியாது. ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் ஆற்றில் இறங்காமல் கண்டியூருக்கே திரும்பிப் பாலம் வழியாகத் திருவையாறு போய்விடுங்கள். நெய்த்தானத்தை மறுநாள் காலை பார்க்கலாம், திருவையாற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு அந்தக் கோயில் சுவரில் இருக்கிறது. சேரன் தாணுரவியும் சோழனும் சேர்ந்து விக்கியண்ணன் என்பவனுக்குக் கொடுத்த விருதுகளின் பட்டியலில் தவிசு, சாமரையோடு சிவிகையும் வருகிறது. இந்தச் சுற்றில் எங்கே போனாலும் பல்லக்கு வந்து நிற்கிறது.

தண்ணீர் ஓடும் மாதங்களில்

ஜூலை முதல் ஜனவரி வரை சுற்றாக நடக்க ஆசைப்படாதீர்கள். இரண்டு நாளாக உடைத்துவிடுங்கள். ஒரு நாள் வடகரை: தில்லைஸ்தானம், திருவையாறு, திருப்பழனம். போக ஆறேழு கிலோமீட்டர், திரும்பப் பஸ். மறுநாள் தென்பக்கம்: பூந்துருத்தியில் தொடங்கிக் கண்டியூர், வேதிகுடி, சோற்றுத்துறை. இதில் ஆற்றில் இறங்க வேண்டியதே இல்லை. வரிசை மாறிவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டால், புண்ணியத்துக்கு வருபவர்கள் கார் வைத்துக்கொண்டு எந்த வரிசையிலும் போவதை நினைத்துத் தேற்றிக்கொள்ளலாம். கண்ணுக்கு இந்த மாதங்கள்தான் விருந்து. நாற்றுப் பச்சையும் நுரைத்து ஓடும் காவிரியும் பிப்ரவரியில் கிடைக்காது.

தஞ்சாவூரிலிருந்தே நடந்து வருபவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலத்தையும் எண்ணிக்கொண்டே பதின்மூன்று கிலோமீட்டரில் திருவையாறு வரலாம். ஊர்ப் பெயருக்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. ஆனால் அது வண்டி இரைச்சல் நிறைந்த சாலை, ஒருமுறை போதும்.

பைக்குள்

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். இரண்டைத் தூக்கிக்கொண்டு ஒன்றைக் கண்டியூரில் நிரப்பிக்கொள்ளலாம். ஆற்று ஊற்று தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. பின்பட்டை வைத்த, தடித்த அடி கொண்ட செருப்பு நல்லது. ஷூ மணலில் நிரம்பும், ரப்பர் செருப்பைச் சீமைக் கருவேல முள் ஊசி போல ஊடுருவும். படுகையில் நெருஞ்சி வேறு. கோயிலுக்குக் கோயில் கழற்றி மாட்ட வேண்டும் என்பதையும் யோசியுங்கள், ஏழு முறை லேஸ் கட்டுவது சலிக்கும். முள் எடுக்க ஊக்கு. வேட்டி கட்டுபவர்கள் மணலில் மடித்துக் கட்டிக்கொண்டு போகலாம், கால்சட்டையைவிட வசதி. தெருமுனை நாய்களுக்குக் கழியை ஓங்கினால் கூட்டம் சேரும், தாழ்த்திப் பிடித்து நடையை மாற்றாமல் போனால் தெருவெல்லை வரை குரைத்து வழியனுப்பிவிட்டு நிற்கும்.

திருவையாறு திரும்பியதும் அசோகா வாங்கிச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை. 25 கிலோமீட்டர் நடந்தவருக்கு அரைத்தட்டு பாவமில்லை.

மற்ற வழிகள், சுருக்கமாக

கும்பகோணத்துக்கும் ஓர் ஏழூர் உண்டு: கும்பகோணம், சாக்கோட்டை எனப்படும் திருக்கலயநல்லூர், தாராசுரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை, கொட்டையூர், மேலக்காவேரி. பாலம் தேடி அலைய வேண்டாம், மழைக்காலத்துக்கும் ஆகும். ஆனால் பாதி வழி நகரமும் புறநகரும்தான். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலுக்கே அரை நாள் வேண்டும் என்பதால் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். வலஞ்சுழியில் கருங்கல் பலகணியை (சாளரத்தை) பாருங்கள். சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை திறந்திருந்தால் எட்டிப் பார்க்கலாம். மெழுகுச் சிலைக்கு மேலே அப்புவது நீங்கள் மிதித்து வந்த அதே காவிரி வண்டல்.

அமைதி வேண்டுபவர்களுக்குத் தாராசுரத்திலிருந்து தெற்கே பட்டீச்சரம், பழையாறை. சோழர்களின் இரண்டாம் தலைநகராக இருந்த இடம், இப்போது வயலும் தோப்பும் சிதறிய கோயில்களும். பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவையாற்றில் பார்த்த அதே பெயர்தான், ஆனால் இவர் இராசராசனின் தேவி. ஊர்க்காரரிடம் இராமநாதன் கோயில் என்று கேளுங்கள், பள்ளிப்படை என்றால் பலருக்குப் புரியாது.

உண்மையான காடு வேண்டுமென்றால் டெல்டாவின் தென்கோடிக்குத்தான் போக வேண்டும். கோடியக்கரையில் வறண்ட பசுமைமாறாக் காடும், வெளிமானும், குளிர்காலத்தில் பூநாரையும். 1967 முதல் சரணாலயம், 2002ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இஷ்டத்துக்கு உள்ளே நடக்க முடியாது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கி, அவர்கள் காட்டும் பாதையில்தான் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைக்கு நல்ல காலம், அதே மாதங்களில்தான் அங்கே கொசுவும்.